பைக்கில் சேர்த்த போனஸ் காருக்கு வருமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசிய உறுப்பினர், இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒன்றின் மோட்டார் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அன்று வர முடியாத பலர் கேட்டுக்கொண்டதால், அவரது உரையை இங்கே எழுத்து வடிவில் தருகிறோம்.)



செயலாளர் சார் எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் பேசி முடித்த பிறகு இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நானேதான் நேரம் கேட்டு வாங்கினேன்.

போன மாதம் நம் பிளாக் தம்பி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கையில் ஒரு கார் கொட்டேஷன். "அங்கிள், எட்டு வருஷமா பைக் ஓட்டுறேன். ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்ல. பைக் பாலிசில 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் ஓடுது. அதை அப்படியே காருக்குப் போட்டுக்கலாம்னு ஏஜென்ட் சொல்றாரு. பத்தாயிரம் ரூபாய் குறையுதாம். போடலாமா?" என்றார்.

போடக் கூடாது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. நம் குடியிருப்பிலேயே பைக்கிலிருந்து காருக்கு மாறப் போகிறவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். அதனால் அவரிடம் சொன்னதை இன்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

போனஸ் எதற்குக் கிடைக்கிறது?

நம் வண்டி பாலிசியில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு. இது தேர்ட் பார்ட்டி. சட்டப்படி கட்டாயம். கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் உள்ள கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு ஆண்டுக்கு ரூ.714. 1000 முதல் 1500 சிசி வரையுள்ள காருக்கு ரூ.3,416. நீங்கள் எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும் இதில் ஒரு ரூபாய் குறையாது.

இன்னொன்று, நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கும் திருட்டுக்கும். இதை ஓன் டேமேஜ் என்பார்கள். நோ கிளெய்ம் போனஸ், அதாவது என்சிபி, இந்தப் பகுதிக்கு மட்டும்தான். ஒரு வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் 20 சதவீதம், இரண்டு வருடம் 25, மூன்று வருடம் 35, நான்கு வருடம் 45, ஐந்து வருடம் 50. அதற்கு மேல் ஏறாது. நடுவில் ஒரு கிளெய்ம் வாங்கிவிட்டால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம். பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி, மறுபடி கீழேயிருந்து ஏற வேண்டும்.

இந்த விதிகள் 2002-ல் வந்த இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பில் உள்ளவை. 2007-லிருந்து ஓன் டேமேஜ் பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டாலும், போனஸ் கணக்கு அந்த வழியில்தான் நடக்கிறது. அதில் ஒரு வாக்கியம் முக்கியமானது. போனஸ் வண்டியைச் சேர்ந்தது அல்ல, பாலிசி எடுத்த ஆளைச் சேர்ந்தது. வண்டியை மாற்றினாலும் போனஸ் கூடவே வரும். ஆனால் புது வண்டியும் பழைய வண்டியும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

ஏஜென்ட்கள் முதல் பாதியைச் சொல்வார்கள். "போனஸ் உங்களுடையது சார், வண்டியோடது இல்ல." சரிதான். இரண்டாம் பாதியைச் சொல்ல மாட்டார்கள்.

டூவீலர் ஒரு வகை. சொந்த உபயோகக் கார் ஒரு வகை. வாடகை, சரக்கு வண்டிகள் வேறு வகை. ஸ்கூட்டரை விற்று புல்லட் வாங்கினால் போனஸ் வரும். சின்னக் காரை விற்று பெரிய கார் வாங்கினால் வரும். பைக்கிலிருந்து காருக்கு வராது. டாக்ஸியிலிருந்து சொந்தக் காருக்கும் வராது. சிங்கப்பூரிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே காருக்கு 50 சதவீதம் வரை, பைக்குக்கு 20 சதவீதம் வரை என்று இரண்டும் தனித்தனி ஏணி.

"ஓட்டுகிறவன் நான்தானே, என் நிதானம் இரண்டுக்கும் ஒன்றுதானே?" என்று அந்தத் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பணக் கணக்கைப் பாருங்கள், புரியும். ஒரு சாதாரண பைக்கின் ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.800 என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதம் போனஸ் என்றால் ரூ.400. புதுக் காருக்கு அதே பிரீமியம் ரூ.18,000 என்றால், 50 சதவீதம் ரூ.9,000. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.1,620. ஆக ரூ.10,620. நானூறு ரூபாய் சலுகைக்குத் தகுதி பெற்றவர் பத்தாயிரம் ரூபாய் சலுகை கேட்கிறார் என்று கம்பெனி பார்க்கும்.

நான் தட்டச்சு செய்த கடிதம்

"போனா பத்தாயிரம், வந்தா லாபம், போட்டுப் பார்க்கலாமே" என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்காக ஒரு சம்பவம் சொல்கிறேன். நடந்து பன்னிரண்டு வருடம் இருக்கும். நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரோ அவர் பெயரோ வேண்டாம்.

திருமுல்லைவாயல் பக்கம் குடியிருந்தவர். லேத் பட்டறையில் சூப்பர்வைசர். ஒன்பது வருடம் பைக் ஓட்டி ஒரு கிளெய்மும் இல்லை. பழைய கார் ஒன்று வாங்கினார். ஏஜென்ட் படிவத்தில் போனஸ் 50 சதவீதம் என்று நிரப்பி, கையெழுத்து போடச் சொன்னார். போட்டார். சுமார் நான்காயிரம் ரூபாய் குறைந்தது.

ஏழு மாதம் கழித்து, இரவில் சிடிஎச் ரோட்டில் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதிவிட்டார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரின் முன்பக்கம் முழுவதும் போய்விட்டது. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். கிளெய்ம் வந்ததும் நாங்கள் போனஸைச் சரிபார்த்தோம். முந்தைய பாலிசி டூவீலர் பாலிசி என்று பதில் வந்தது.

அவர் கையெழுத்திட்ட படிவத்தில் ஓர் உறுதிமொழி இருக்கும். நான் குறிப்பிட்டுள்ள போனஸ் விகிதம் சரியானது, தவறென்று தெரிந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கான எல்லாப் பலன்களையும் இழக்கச் சம்மதிக்கிறேன் என்பது அதன் சாரம். போனஸ் தொகையை மட்டும் இழப்பதல்ல, எல்லாப் பலன்களையும். அந்த வரியைச் சுட்டிக்காட்டி கிளெய்மை நிராகரித்தார்கள். கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்.

அவர் அலுவலகத்துக்கு வந்தார். ஒன்பது வருட பைக் பாலிசிகளையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். என் மேஜை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "ஒன்பது வருஷத்துல உங்ககிட்ட ஒரு ரூபா கேட்டிருக்கேனா சார்?" என்றார். நான் விதியைச் சொன்னேன். கடைசியில் சீட்டைத் தள்ளி எடுத்துக் காரை ரிப்பேர் செய்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதோடு முடியவில்லை. வேறு கம்பெனியிலிருந்து வருபவர், போனஸுக்கு அத்தாட்சி இல்லாமல் உறுதிமொழி மட்டும் கொடுத்தால், புதுக் கம்பெனி 21 நாட்களுக்குள் பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்று அதே விதித்தொகுப்பில் இருக்கிறது. நாங்கள் எழுதவில்லை. ஏழு மாதம் பிரீமியத்தை வைத்துக்கொண்டு, கிளெய்ம் வந்த பிறகுதான் எழுதினோம். இது எனக்குத் தெரியும். ஓம்பட்ஸ்மேனிடமோ நுகர்வோர் மன்றத்திலோ போயிருந்தால் ஒரு பகுதியாவது கிடைத்திருக்கலாம். இப்படிப்பட்ட வழக்குகளில் கம்பெனி பக்கமும் தீர்ப்பு வந்திருக்கிறது, வாடிக்கையாளருக்கு ஒரு பகுதி கொடுக்கச் சொல்லியும் வந்திருக்கிறது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

அந்த மனிதரைத் தேடிப் போய்ச் சொல்ல இப்போது வழியில்லை. உங்களிடமாவது சொல்கிறேன்.

பைக் பாலிசியிலிருந்து காருக்கு எதைக் கொண்டுபோகலாம்?

ஒன்று இருக்கிறது. ஓனர் டிரைவர் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர். வண்டியின் சொந்தக்காரரே ஓட்டி விபத்தில் இறந்தால் அல்லது நிரந்தர ஊனமடைந்தால் கிடைப்பது. முன்பு பைக்குக்கு ஒரு லட்சம், காருக்கு இரண்டு லட்சம்தான். நம் சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் இட்ட உத்தரவைத் தொடர்ந்து, 2018-ல் இது 15 லட்சமாக உயர்ந்தது.

இது ஆளுக்கு ஒன்று போதும், வண்டிக்கு ஒன்று வேண்டாம். 2019 ஜனவரி முதல் இதைத் தனி பாலிசியாகவும் எடுக்கலாம். பைக்குக்கு ஏற்கெனவே இந்தக் கவர் நடப்பில் இருந்தால், கார் பாலிசியில் அதைச் சொல்லி அந்தத் தொகையைத் தவிர்க்கலாம். பதினைந்து லட்சத்துக்குக் குறையாத வேறு தனிநபர் விபத்து பாலிசி இருந்தாலும் அப்படித்தான். ஆனால் பைக் பாலிசி முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். கார் ஓட்ட உங்கள் லைசென்ஸில் அந்த வகை ஏறியிருக்க வேண்டும். பைக் லைசென்ஸோடு காரை எடுத்தால் இந்தக் கவர் உதவாது.

இன்னொன்று, 2022 ஜூலையில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஐஆர்டிஏஐ அனுமதித்தது. ஒருவர் பெயரிலுள்ள பைக், கார் எல்லாவற்றையும் ஒரே ஃப்ளோட்டர் பாலிசியில் சேர்க்கலாம், ஓட்டும் கிலோமீட்டருக்கு ஏற்ப பிரீமியம் கட்டலாம் என்பது. எல்லாக் கம்பெனியிலும் கிடைக்காது, கேட்டுப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி வரை போய்வர மட்டும் கார் வைத்திருப்பவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு லாபமாக இருக்கலாம். முதல் தடவை கார் வாங்குபவர்களுக்கு நான் சொல்வது, இல்லாத போனஸைத் தேடாமல் மூன்று கம்பெனியில் கொட்டேஷன் வாங்குங்கள். ஷோரூமிலேயே பாலிசி எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பைக் போனஸையே பலர் இழந்திருக்கிறீர்கள்

கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல் புது டூவீலருக்கு 5 ஆண்டு, புதுக் காருக்கு 3 ஆண்டு தேர்ட் பார்ட்டி சேர்த்தே எடுக்க வேண்டும் என்று வந்தது. நல்ல விஷயம். ஆனால் அதில் ஒரு குழப்பம். பாலிசியில் "5 ஆண்டு" என்று பார்த்ததும் எல்லாமே ஐந்து ஆண்டு என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் ஓன் டேமேஜ் ஒரு வருடம்தான் இருக்கும். அது முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸ் போய்விடும். போலீஸ் கேட்டால் காட்ட பேப்பர் இருக்கும். பைக் திருடு போனால் கிளெய்ம் இருக்காது. இன்று வீட்டுக்குப் போனதும் பாலிசியை எடுத்து, இரண்டு தேதிகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கார் போனஸை எப்படிக் காப்பாற்றுவது?

காரை விற்கும்போது போனஸை வண்டியோடு கொடுத்துவிடாதீர்கள். விற்றதற்கான ஆதாரத்தைக் காட்டி, கம்பெனியிடம் என்சிபி சான்றுக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பாலிசி முடிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வேறு கார் வாங்கினால் அந்த விகிதம் கிடைக்கும். அதேபோல் பழைய கார் வாங்குபவர்கள், விற்றவரின் போனஸ் உங்களுக்கு வராது என்பதை நினைவில் வையுங்கள். வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்து, போனஸ் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும்.

சின்னச் சேதத்துக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். 50 சதவீதத்தில் இருக்கும்போது ஒரு கிளெய்ம் வாங்கினால், அடுத்த ஐந்து புதுப்பித்தல்களில் முறையே 50, 30, 25, 15, 5 சதவீதம் இழப்பு. கூட்டினால் 125 சதவீதம். ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.8,000 என்றால் கிட்டத்தட்ட ரூ.10,000. நம் பார்க்கிங் தூணில் உரசிய பம்பருக்கு ஆறாயிரம் ரூபாய் என்றால் கையிலிருந்து கொடுப்பதே நல்லது.

பெரிய சேதத்துக்குத் தயங்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட் தண்ணீரில் நின்றதை நாம் பார்த்தோம். அப்படி நேர்ந்தால் போனஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கிளெய்ம் போடுங்கள். ஆனால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இழுத்துவிட்டால், எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் எஞ்சினுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். ஒரு கிளெய்ம் வந்தாலும் போனஸ் குறையாமல் காக்கும் ஆட்-ஆனும் உண்டு. ஐம்பதில் இருப்பவர்கள் அதன் விலையைக் கேட்டுப் பாருங்கள்.

அன்று கேட்கப்பட்ட சில கேள்விகள்

*என் கணவர் போன வருடம் தவறிவிட்டார். கார் இப்போது என் பெயருக்கு மாறியிருக்கிறது. அவருடைய போனஸ் எனக்கு வருமா?*

வரும் அம்மா. பொதுவாகப் போனஸ் இன்னொருவருக்கு மாறாது. ஆனால் பாலிசிதாரர் இறந்து, வண்டி மனைவி, பிள்ளைகள் அல்லது பெற்றோரிடம் வந்தால் போனஸும் அவர்களுக்கு வரும். இறப்புச் சான்றிதழும் புதிய ஆர்சியும் கொடுத்துக் கேளுங்கள். கவுன்டரில் இல்லை என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். நான் கூட வருகிறேன்.

*என் மகன் துபாயிலிருந்து திரும்பி வருகிறான். அங்கே ஓட்டிய காரின் போனஸ்?*

அங்குள்ள கம்பெனியிடம் சான்று வாங்கி வரச் சொல்லுங்கள். அந்தப் பாலிசி முடிந்து மூன்று வருடத்துக்குள் இங்கே பாலிசி எடுத்தால் கேட்கலாம். அங்கேயும் கார் ஓட்டியிருக்க வேண்டும்.

*சார், எனக்கு ஏற்கெனவே பைக் போனஸை வைத்துத்தான் கார் பாலிசி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது என்ன செய்வது?*

நல்ல வேளை, இன்று கேட்டீர்கள். போனஸ் தவறாகப் பதிவாகியிருக்கிறது, வித்தியாசத்தைக் கட்டிவிடுகிறேன், திருத்தித் தாருங்கள் என்று நாளைக்கே கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள். ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னால் போதாது. பணம் கட்டித் திருத்திய எண்டார்ஸ்மென்ட் கைக்கு வரும்வரை விடாதீர்கள். விபத்துக்கு முன்னால் திருத்தினால் அது தவறு. விபத்துக்குப் பிறகு வெளியே வந்தால் அதைப் பொய் என்பார்கள்.

*கிளெய்மை மறுத்துவிட்டால்?*

முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்ததும் அதுதான் முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிக் கடிதம் எழுதியவன் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. அந்தத் தம்பி போனஸ் இல்லாமலே பாலிசி எடுத்துவிட்டார். மூன்று இடத்தில் விலை கேட்டதில் கொஞ்சம் குறைந்தது, விபத்துக் கவரை இரண்டாவது தடவை எடுக்காததில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. போன வாரம் கார் வந்தது, கேட் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அடுத்த வருடம் 20 சதவீதத்தில் தொடங்குவார். அது அவருடைய சொந்த 20.

படிவத்தில் கையெழுத்து போடும் முன், போனஸ் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வாருங்கள். ஒரு டம்ளர் காபி செலவோடு முடிந்துவிடும்.